பிரேக்கரை மாற்றும் முன்: எது கெட்டது, எது ஒழுங்காக வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டுக் கீசருக்கான பிரேக்கர், போட்டுப் பதினைந்து இருபது நிமிடத்தில் விழுந்துவிடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் "எம்.சி.பி வீக் ஆயிருச்சு" என்று அந்தப் பிரேக்கரைக் காட்டிச் சொல்லிப் புதிதாக ஒன்றைப் போட்டார். நாலாவது நாள் அதுவும் விழுந்தது. அடுத்து வந்தவர் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரைப் போட்டார். விழுவது நின்றது. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம். அதன் பிறகு பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டிப் பக்கம் போனாலே மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை.

மூன்றாவதாக வந்தவர் வயதில் மூத்தவர். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பிரேக்கர்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் செம்புப் பட்டை, அதாவது பஸ்பார், சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். கீசர் பிரேக்கருக்குள் போகும் பல் மட்டும் கருத்து, ஓரம் அரித்து, மேலே இருந்த பிளாஸ்டிக் உறை பழுப்பாகி உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த லூஸ் காண்டாக்ட் சூடுதான் முதல் பிரேக்கரையும் இரண்டாவது பிரேக்கரையும் விழ வைத்திருக்கிறது. 32 ஆம்பியர் அந்தச் சூட்டைப் பொருட்படுத்தவில்லை. அதனால் சூடு மூன்று வாரமாக வளர்ந்துகொண்டே போயிருக்கிறது.

பிறகு பக்கத்தில் இருந்த ஆர்.சி.சி.பியின், அதாவது ஷாக்கில் இருந்து ஆளைக் காப்பாற்றும் பிரேக்கரின், டெஸ்ட் பட்டனை அமுக்கினார். எதுவும் நடக்கவில்லை. இரண்டு முறை, மூன்று முறை. அப்படியே நின்றது. "தம்பி, ஒழுங்கா இருந்தத ரெண்டு தடவ மாத்திட்டீங்க. செத்துப்போனது இதோ இருக்கு" என்றார். அந்தக் கீசரில்தான் எங்கள் வீட்டுக் குழந்தைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான். ட்ரிப் ஆகிற, அதாவது தானாக விழுகிற, பிரேக்கர் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ட்ரிப் ஆக வேண்டிய நேரத்தில் ஆகாத பிரேக்கரை நாம் தேடிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். இதில் உள்ள எந்தப் படிக்கும் நீங்கள் பெட்டியின் உள்மூடியைக் கழற்றத் தேவையில்லை. கழற்றவும் வேண்டாம். மெயினை அணைத்தாலும் மெயினுக்கு வந்து சேரும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

1. பெட்டிக்குள் எது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரிக் குமிழிதான். வேலை வேறு வேறு.

எம்.சி.பி: லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். உள்ளே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு. இது மெதுவாக, நிமிடக் கணக்கில் வேலை செய்யும். மற்றொன்று காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். உங்கள் உடம்பில் ஷாக் அடித்தால் எம்.சி.பி விழாது. இதைப் பலர் தெரியாமலே இருக்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி: போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வித்தியாசம் வந்தால், அதாவது எங்கோ ஒரு பக்கம் கசிந்தால், விழும். ஆட்களைக் காப்பாற்றுவதற்கானது 30 மில்லி ஆம்பியர். மேலே ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அது இருந்தால் ஆர்.சி.சி.பி அல்லது அதன் உறவு என்று தெரிந்துகொள்ளலாம். இது ஓவர்லோடைக் கவனிக்காது.

ஆர்.சி.பி.ஓ: மேலே சொன்ன இரண்டும் ஒரே உடம்பில்.

ஐசோலேட்டர்: இது வெறும் சுவிட்ச். எதற்கும் தானாக விழாது. பல பெட்டிகளில் மெயினாக இருப்பது இதுதான். "மெயின் ட்ரிப்பர் இருக்கு, பயமில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

பிரேக்கர் முகத்தில் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சி16 என்று இருந்தால் சி வகை (வகைகள் பற்றி மூன்றாம் படியில்), 16 ஆம்பியர். கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருப்பது, ஷார்ட் ஆகும்போது எத்தனை ஆம்பியர் வரை அது உடையாமல் துண்டிக்கும் என்பது.

2. இந்த அறிகுறிகள் இருந்தால் சோதனையே வேண்டாம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பிரேக்கரை, முடிந்தால் மெயினையே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

- பிளாஸ்டிக் எரிகிற வாடை அல்லது மீன் கவிச்சி வாடை. பக்கத்தில் மீன் எதுவும் இல்லாமல் அந்த வாடை வந்தால் அது சூடேறிய பிளாஸ்டிக்.
- பிரேக்கர் முகத்திலோ ஓரத்திலோ பழுப்பு, கருப்புக் கறை, உருகிய அடையாளம், வெடிப்பு.
- புறங்கையை மூடியின் அருகே கொண்டுபோனால் ஒரு பிரேக்கர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பது. லோடு ஓடும்போது இளஞ்சூடு இயல்பு. கையை வைக்க முடியாத சூடு இயல்பு அல்ல.
- சடசட, படபட என்ற பொரியும் சத்தம். லேசான ஒரே சீரான ரீங்காரம் வேறு. பொரியும் சத்தம் என்றால் உள்ளே தீப்பொறி.
- பெட்டிக்குள் தண்ணீர் போயிருப்பது. வெள்ளத்தில் மூழ்கிய பிரேக்கர்களைக் காயவைத்துத் திரும்பப் போடக் கூடாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

தீப்பொறி கண்ணுக்குத் தெரிந்தாலோ புகை வந்தாலோ பெட்டியையே தொடாதீர்கள். வீட்டைவிட்டு வெளியே வந்து, மின்வாரியத்தையோ தீயணைப்பையோ அழையுங்கள்.

3. எப்படி விழுகிறது என்று எழுதி வையுங்கள்

மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, அடிக்கடி விழுகிறது என்பது மட்டும்தான் தொல்லை என்றால், ஒரு தாளை எடுத்துப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் தேதி, நேரம், அப்போது ஓடிக்கொண்டிருந்தவை, போட்டு எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்று எழுதுங்கள். நான் இதை முதல் வாரமே செய்திருந்தால் இரண்டு பிரேக்கர் காசு மிச்சம். வருகிற எலெக்ட்ரீஷியனுக்கு இந்தத் தாள் நீங்கள் அரை மணி நேரம் வாயால் விளக்குவதைவிட உதவும்.

அந்தத் தாளைப் படிப்பது இப்படி:

போட்டவுடன் படக்கென்று விழுந்தால் ஷார்ட். ஒயரிலோ சாதனத்திலோ. மோட்டார், பழைய வகை ஏசி போன்றவை கிளம்பும் நொடியில் மட்டும் விழுந்தால், கிளம்பும்போது அவை இழுக்கும் அதிக மின்சாரத்துக்குப் பிரேக்கர் வகை பொருந்தவில்லை என்ற சந்தேகமும் உண்டு. பி வகை, குறித்த ஆம்பியரைப்போல் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில். டி வகை 10 முதல் 20 மடங்கில்.

பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று ஓடிவிட்டு விழுந்தால் சூடு. ஒன்று ஓவர்லோடு. இல்லையென்றால் லூஸ் காண்டாக்ட். லோடுக் கணக்கு சரியாக இருந்தும் இப்படி விழுந்தால் எங்கள் வீட்டுக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்யும்போதோ சுவர் ஈரமாகும்போதோ விழுவது எப்போதும் ஆர்.சி.சி.பிதான் என்றால் கசிவு. வெளி விளக்கு, மொட்டைமாடி சாக்கெட், தோட்டத்து மோட்டார் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படுங்கள்.

கீசரோ இஸ்திரிப் பெட்டியோ போட்டால் மட்டும் ஆர்.சி.சி.பி விழுந்தால் அந்தச் சாதனத்தின் சூடேற்றும் சுருளில் கசிகிறது. பிரேக்கரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வெயில் காலத்தில், நண்பகலில் மட்டும் விழுந்தால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். எம்.சி.பியின் சூட்டுப் பொறி 30 டிகிரி செல்சியஸ் சுற்றுச்சூழலுக்கு அளவு வைக்கப்பட்டது. வெயில் அடிக்கும் சுவரில், காற்றுப் போகாத பெட்டியில், இரண்டு பக்கமும் முழு லோடில் ஓடும் பிரேக்கர்களுக்கு நடுவே இருப்பது சீக்கிரமே விழும். அது பழுதல்ல.

4. லோடைக் கூட்டிப் பாருங்கள்

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் வீட்டில் 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே 16 ஆம்பியர் பிரேக்கரில் ஓடினால் 19.5 ஆம்பியருக்கு மேல்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "சில நாள் விழுது, சில நாள் விழல. அப்ப பிரேக்கர்தானே கெட்டது?" அப்படிச் சொல்லிவிட முடியாது. வீட்டு எம்.சி.பிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி 60898-ன் படி, குறித்த ஆம்பியரின் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும். 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 16 ஆம்பியருக்கு இது 18.1 ஆம்பியர், 23.2 ஆம்பியர். இடையில் உள்ள பகுதியில் விழலாம், விழாமலும் இருக்கலாம். 19.5 சரியாக அந்த இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. எனவே ஒரு நாள் விழுவதும் ஒரு நாள் விழாததும் நல்ல பிரேக்கரின் நடத்தையே. கெட்டிலை வேறு சர்க்யூட்டுக்கு மாற்றுங்கள், தீர்ந்தது.

அதேபோல 17 ஆம்பியர் ஓடியும் 16 ஆம்பியர் பிரேக்கர் விழவில்லை என்று யாராவது கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) காட்டிப் பயமுறுத்தினாலும் அதை வைத்து மாற்றாதீர்கள். 23.2 ஆம்பியரைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அசையாமல் இருந்தால், அது மாற்ற வேண்டியது.

5. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது

பகலில் செய்யுங்கள். காலில் செருப்பு, கை உலர்ந்திருக்க வேண்டும்.

விழுந்த பிரேக்கரின் சர்க்யூட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. நியூட்ரல் வழியாக வரும் கசிவு சுவிட்சை அணைத்தாலும் ஆர்.சி.சி.பியை விழ வைக்கும். பிறகு குமிழியை முழுக்கக் கீழே தள்ளி, அதன் பின் மேலே தூக்குங்கள். சில பிரேக்கர்கள் விழும்போது பாதியில் நிற்கும். கீழே அமுக்காமல் மேலே தூக்கினால் நிற்காது. அதை "கெட்டுப்போச்சு" என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு.

நின்றுவிட்டால், சாதனங்களை ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் பழுது. எதையும் சொருகாமலே விழுந்தால் ஒயரிங் அல்லது பிரேக்கர். அங்கே உங்கள் வேலை முடிந்தது. மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஷார்ட் ஆன இடத்தில் நெருப்புப் பொறி பறக்கிறது. ஒரு தடவை, அவ்வளவுதான்.

குமிழியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பதும், டேப் ஒட்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம். நல்ல பிரேக்கர் குமிழியைப் பிடித்திருந்தாலும் உள்ளே துண்டித்துவிடும். பழைய பிரேக்கர் அப்படிச் செய்யும் என்று நம்பி விளையாடக் கூடாது.

இதற்கு மேல் எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கரில் இருந்து வெளியே போகும் ஒயரை மட்டும் கழற்றி, முனையைப் பாதுகாப்பாக மூடிவைத்து, மறுபடி மின்சாரம் கொடுத்துப் பிரேக்கரைத் தூக்க வேண்டும். எதுவும் இணைக்காத நிலையிலும் விழுந்தால் பிரேக்கர் கெட்டது, சந்தேகமில்லை. நின்றால் ஒயரிங்கில் தேட வேண்டும். ஆர்.சி.சி.பிக்கு இதே சோதனையில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "மாத்திப் பாப்போம்" என்று சொல்பவருக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள்.

6. டெஸ்ட் பட்டன்: இன்றே அமுக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் போன்றவற்றை முறையாக அணைத்துவிட்டு, மின்சாரம் இருக்கும்போது ஆர்.சி.சி.பியின் டெஸ்ட் பட்டனை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். பிறகு குமிழியைத் தூக்கினால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. காலையில், எலெக்ட்ரீஷியன் கிடைக்கும் நேரத்தில் செய்யுங்கள். பழைய ஆர்.சி.சி.பி சில சமயம் விழுந்துவிட்டுத் திரும்ப நிற்காது. ராத்திரி பத்து மணிக்கு அமுக்கிவிட்டு இருட்டில் உட்கார வேண்டாம்.

அமுக்கியும் விழவில்லையா? மின்சாரம் இருக்கிறது என்று ஒரு விளக்கைப் போட்டு உறுதிப்படுத்துங்கள். இருந்தும் விழவில்லை என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். "இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று தள்ளிப் போடாதீர்கள். மாற்றும் வரை கீசர், வாஷிங் மெஷின், வெளியில் உள்ள மோட்டார் ஆகியவற்றைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

எங்கள் வீட்டில் அந்தப் பட்டனை வீடு கட்டிய நாளில் இருந்து யாருமே தொட்டதில்லை. அசையாமல் கிடக்கும் பொறி உள்ளே இறுகிப் போகும். அவ்வப்போது அமுக்கி எடுப்பதே அதற்கு ஒரு பராமரிப்பு. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று பெரும்பாலும் ஆர்.சி.சி.பி மேலேயோ உடன் வந்த தாளிலேயோ இருக்கும். ஆறு மாதத்தைத் தாண்டவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். டெஸ்ட் பட்டன் ஆர்.சி.சி.பியின் உள்பொறி அசைகிறதா என்று மட்டும்தான் சொல்லும். எத்தனை மில்லி ஆம்பியரில், எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்பதையும், உங்கள் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதையும் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் 300 மில்லி வினாடிக்குள் விழ வேண்டும். 150 மில்லி ஆம்பியரில் 40 மில்லி வினாடிக்குள். பாதி அளவான 15-ல் விழக் கூடாது.

7. மாற்றியே ஆக வேண்டியவை

மேலே வந்தவற்றோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குமிழி தொளதொளவென்று ஆடுவது, ஆனில் நிற்காமல் நழுவுவது, ஆஃப் செய்தும் அந்தச் சர்க்யூட்டில் மின்சாரம் இருப்பது. கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது. உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம்.

பெரிய ஷார்ட் ஒன்றைத் துண்டித்த பிரேக்கர். வெடி மாதிரிச் சத்தத்தோடு விழுந்திருந்தால், வெளியே கறை இல்லாவிட்டாலும் உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம். முகத்தில் எழுதியிருக்கும் 6000 ஆம்பியர் என்பது ஓரிரு முறை தாங்கும் அளவுதான். தினசரி சாப்பாடல்ல.

தினமும் சுவிட்ச் மாதிரிப் பயன்படுத்தப்படும் பிரேக்கர். தரநிலை முழு லோடில் 4000 முறை போட்டு அணைக்கும் சோதனையைக் கேட்கிறது. நாளுக்கு நாலு முறை மோட்டாரைப் பிரேக்கரிலேயே போட்டு அணைத்தால் மூன்று வருடத்துக்குள் அந்த எண்ணிக்கை வந்துவிடும். மோட்டாருக்குத் தனிச் சுவிட்ச் வையுங்கள்.

வயது மட்டும் காரணமா? பிரேக்கருக்குக் காலாவதித் தேதி கிடையாது. நல்ல இடத்தில் இருப்பது பல பத்தாண்டுகள் உழைக்கும். பழையது என்பதற்காக மாற்றாதீர்கள். பழையது என்பதற்காகச் சோதியுங்கள்.

8. எதை வாங்குவது

விதி ஒன்றுதான்: பிரேக்கர் ஒயரைக் காப்பதற்கு. ஒயரின் தடிமன் மாறாதவரை ஆம்பியரைக் கூட்டக் கூடாது. எங்கள் வீட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 32 ஆம்பியர் போட்டது அந்தத் தவறுதான். சுவருக்குள் ஓடும் அந்த ஒயர் 32 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது, பிரேக்கரும் விழாது. ஒயர் கருகிய பிறகுதான் தெரியும். விழுவது நிற்க வேண்டும் என்று யாராவது பெரிய ஆம்பியரை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அதே ஆம்பியர், அதே வகை எழுத்து, கட்டத்துக்குள் உள்ள எண் அதே அளவோ கூடுதலோ. முடிந்தவரை அதே கம்பெனி, அதே வரிசை. கம்பெனி மாறினால் பஸ்பார் நுழையும் உயரம் ஒரு சில மில்லிமீட்டர் மாறும். பல் பாதிதான் உள்ளே போகும். எங்கள் பஸ்பார் கருகியதற்கு அதுவே காரணம் என்றார் அந்தப் பெரியவர். பெட்டி கட்டும்போதே வேறு கம்பெனிப் பிரேக்கரைச் சேர்த்திருந்தார்கள்.

ஆர்.சி.சி.பி வாங்கும்போது 30 மில்லி ஆம்பியரா என்று பாருங்கள். 100, 300 என்று வருபவை தீ விபத்துக்கானவை, ஆளைக் காப்பாற்றும் அளவல்ல. அதன் ஆம்பியர் எண், அதற்கு முன்னால் உள்ள மெயின் பிரேக்கரின் எண்ணுக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்வெர்ட்டர் ஏசி, இன்டக்‌ஷன் அடுப்பு, புது வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டுக்கு "ஏசி வகை" (Type AC) ஆர்.சி.சி.பியைவிட "ஏ வகை" (Type A) நல்லது. ஏ வகையின் முகத்தில் உள்ள அலைக்கோட்டுக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருக்கும், அதுதான் அடையாளம். சோலார் பேனல் பக்கம் வரும் டிசி (நேர் மின்சார) லைனுக்கு, வீட்டு மாறு மின்சாரத்துக்கான பிரேக்கரைப் போடக் கூடாது.

போலிகள் நிறைய. தர முத்திரை இல்லாதது, அச்சு விரலால் தேய்த்தால் அழிவது, பெட்டியில் உள்ள மாடல் எண்ணும் பிரேக்கரில் உள்ளதும் ஒத்துப்போகாதது, பில் தர மறுப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள்.

9. செலவு எங்கெங்கே வரும்

ஒற்றை எம்.சி.பிதான் பட்டியலிலேயே மலிவானது. ஆர்.சி.சி.பி அதைப்போல் பல மடங்கு. ஆர்.சி.பி.ஓவும் அப்படியே. பஸ்பார் கருகியிருந்தால் அது தனி. பெட்டியையே மாற்றினால் பெட்டி, பிரேக்கர்கள், கூலி என்று பெரிய தொகை.

பேசும்போது நாலு தொகையையும் தனித்தனியாகக் கேளுங்கள்: வந்து பார்க்கும் கட்டணம், பொருள், கூலி, சோதனை. பழுதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம்தான் எப்போதும் பட்ஜெட்டை மீறும். ஒயரிங்கில் கசிவு தேடுவது அரை நாளை விழுங்கலாம். அதற்கு மணிக்கணக்கா மொத்தமா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றாம் படியில் எழுதிய தாள் இந்த நேரத்தை நிச்சயம் குறைக்கும்.

உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனாக இருக்கட்டும். மெக்கர் (ஒயரின் உறை கசியாமல் இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்), ஆர்.சி.சி.பி டெஸ்டர் இரண்டும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். டெஸ்டர் ஸ்குரூடிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு வருபவரால் ஆறாம், பத்தாம் படிகளில் சொல்லும் மீட்டர் சோதனைகளைச் செய்ய முடியாது.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மெசேஜ் போதும். மெயின் பிரேக்கரின் ஆம்பியரைக் கூட்டுவது என்றால் அனுமதிக்கப்பட்ட லோடு மாறுகிறது. அதற்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், நாளாகும். மீட்டர் பக்கத்துச் சீலை யாரும் உடைக்கக் கூடாது, எலெக்ட்ரீஷியனும்தான்.

10. வேலை நடக்கும் அன்று

ஒற்றைப் பிரேக்கர் மாற்ற அரை மணி நேரம் போதும். பெட்டி முழுவதும் என்றால் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஃபிரிட்ஜ், வீட்டில் மருத்துவக் கருவி ஏதும் இருந்தால் அதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மூடி திறந்ததும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் நின்று இவற்றை மட்டும் பாருங்கள்: மெயினை அணைத்தபின் மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்கிறாரா. பல இழை ஒயரின் முனைக்கு லக், அதாவது இழைகளைச் சேர்த்து அழுத்தும் உலோகக் குப்பி, போடுகிறாரா. கருகிய ஒயர் முனையை வெட்டி, பளபளப்பான செம்பு வரும்வரை உறையைச் சீவுகிறாரா. இணைத்தபின் ஒயரைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாரா. எங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் மற்றப் பிரேக்கர்களின் திருகுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஹால் பிரேக்கரின் திருகில் திருப்புளியை வைத்ததும் அது தடையே இல்லாமல் ஒன்றரைச் சுற்று சுற்றியது. அதை அவர் நிமிர்ந்து என்னிடம் காட்டிய பிறகுதான் இறுக்கினார். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் (torque) திருப்புளியால் இறுக்குவதே சரி. அளவுக்கு மீறி இறுக்கினாலும் திருகு வழுக்கிப் போகும்.

மூடுவதற்கு முன் மெக்கர் சோதனை. வீட்டு ஒயரிங்குக்கு 500 வோல்ட் வைத்துப் பார்த்தால் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. சாதனங்களை எல்லாம் உருவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை பாழாகும். பிறகு ஆர்.சி.சி.பி நேரச் சோதனை. இரண்டு எண்களையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய பிரேக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது என்று அவர் சொன்னது உண்மையா என்று பிறகு யாரிடமாவது காட்டலாம். இன்னொரு வீட்டுக்கு அது போய்ச் சேராமலும் இருக்கும்.

அன்று இரவு அதே லோடை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் புறங்கையால் சூடு பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி.

11. வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

- மாடல் எண் எழுதிய பில். "எலெக்ட்ரிக்கல் சாமான்" என்று மட்டும் எழுதிய பில் உத்தரவாதத்துக்கு உதவாது.
- உத்தரவாத அட்டை, கடை முத்திரையும் தேதியும் போட்டு.
- மெக்கர், ஆர்.சி.சி.பி சோதனை எண்கள், எலெக்ட்ரீஷியனின் பெயர், உரிம எண், கையெழுத்து.
- மூடி திறந்திருந்தபோது எடுத்த முன், பின் படங்கள்.
- எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு, அதன் ஆம்பியர், ஒயரின் தடிமன் என்று எழுதிய சர்க்யூட் பட்டியல்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் இவை அங்கேயும் கேட்கப்படலாம். எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்து, சர்க்யூட் பட்டியலின் ஒரு நகலை மட்டும் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அதற்குக் கீழே டெஸ்ட் பட்டன் அமுக்கிய தேதி எழுத இடம் விடுங்கள். எங்கள் கதவில் இப்போது நாலு தேதிகள் இருக்கின்றன. கடைசி இரண்டும் என் மகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று எழுதியவை. பட்டனை அமுக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன்.